பஞ்சு தைத்த மெத்தை

காரில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெல்ட் பூட்டியபடியே இருந்தது. குழந்தையைக் காணோம்.

பஞ்சு என் கடைசித் தங்கையின் நடு மகன். கார்களுக்கு சீட் உறை தைக்கிற கடை வைத்திருக்கிறான். எங்கள் அப்பா வழியில் யாருக்கும் மர நாற்காலி ஆகாது. அந்த வம்சத்தில் பிறந்தவனுக்குக் கெட்டியான எதைக் கண்டாலும் கட்டைவிரல் அதன்மேல் போய்விடும். அமுக்கிப் பார்ப்பான், அமுங்காவிட்டால் மெத்தை தைப்பான். வீட்டில் முக்காலிக்குக்கூட மெத்தை. அவனைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்த மருமகள், "என்னையும் உறை போட்டு வெச்சிருவீங்களா?" என்று கேட்டாளே!

அவர்களுடைய ஒரே மகளுக்கு அப்போது நாலரை வயது. காரில் தோளுக்கும் இடுப்புக்கும் வார் போட்டுக் கட்டுகிற குழந்தை சீட்டில்தான் வருவாள். ஒருநாள், "கால் இடிக்குதுப்பா. நான் என்ன பாப்பாவா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். பஞ்சு உருகிவிட்டான். மறுநாளே பூஸ்டர் சீட் வாங்கி வந்தான்.

"பூஸ்டர்னா ஊசிதானேடா?" என்றேன்.

"ஊசி இல்ல பெரியம்மா, இது பலகை மாதிரி. பிள்ளைய உசத்தி உட்கார வெச்சா பெரியவங்க பெல்ட்டே அவளுக்குப் பொருந்தும்."

மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இருக்கிற தாளைப் படிக்காமல் விடமாட்டாள். "பழைய சீட்டே இன்னும் அவளுக்குச் சரியாத்தான் இருக்கு. அவசரம் என்ன?"

"கால் மடங்குதே, பாவமா இல்ல?"

"நீங்க சோபாவுல காலை மடக்கிட்டுத்தானே குறட்டை விடுறீங்க? உங்களைப் பார்த்து யாரு பாவப்பட்டா?"

நான் சிரித்தேன். அவன் காதில் வாங்கவில்லை. பூஸ்டரைக் கட்டைவிரலால் அமுக்கினான். "கல்லு மாதிரி இருக்கே!" அவ்வளவுதான், கடைக்கு எடுத்துப் போய்விட்டான். நாலு விரல் கனத்துக்கு மெத்தை, மேலே வழவழவென்று ரெக்சின். குழந்தை ஏறி உட்கார்ந்து, "தொபுக்குனு உள்ள போறேன்ப்பா!" என்று குதித்தாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பூரித்துப் போயிருந்தது.

அடுத்த விடுமுறையில் என் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினோம். மருமகளுக்குக் கடையில் வேலை. நான் முன் சீட்டில், குழந்தை பின்னால். சந்தைத் தெரு திரும்பியதும் ஒரு கைவண்டி தானாக உருண்டு குறுக்கே வந்தது. பஞ்சு பிரேக்கை மிதித்தான். பெரிய வேகம்கூட இல்லை. என்னை பெல்ட் பிடித்து நிறுத்தியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

அப்போதுதான் திரும்பினேன்.

மெத்தையிலிருந்து வழுக்கிக் கீழே போயிருந்தாள். இடுப்பில் நிற்க வேண்டிய பட்டை தாடைக்கடியில் நின்றது. கண் மட்டும் விரியத் திறந்திருந்தது. பஞ்சு பின்கதவைத் திறந்து பூட்டைத் தேடுகிறான், தேடுகிறான், விரலுக்கு அகப்படவில்லை. நாள் முழுக்க பெல்ட்டைக் கழற்றி மாட்டுகிற விரல்! கடைசியில் நான் கையை நீட்டி அழுத்தினேன். குழந்தை இருமினாள். பிறகுதான் அழுதாள்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் கழுத்தையும் வயிற்றையும் பார்த்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, பயமில்லை என்றார். "மெத்தை அமுங்கினா பிள்ளை சரியும், பட்டை மேல ஏறும். யாரு இதைப் போட்டது?"

"நான்தாங்க." என்றான் பஞ்சு.

வீட்டில் மருமகள் குழந்தையின் கழுத்தில் பட்டை பதிந்திருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவனே பரணிலிருந்து பழைய சீட்டை இறக்கி மாட்டினான்.

"கால் இடிக்குதுப்பா."

"இடிக்கட்டும்மா."

"நான் பாப்பாவா?"

"ஆமா. பாப்பாதான்."

பிறகு அவள் நன்றாக வளர்ந்து, பழைய சீட்டின் தோள் வார் எட்டாமல் போன பிறகு, மருமகள்தான் அந்த பூஸ்டரை எடுத்து வைத்தாள். மெத்தை இல்லாமல், வெறுமனே. இடுப்புப் பட்டை தொடைமேல் தாழ்ந்து படிந்ததை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்கேப்பா," என்றாள் மகள்.

"கெட்டியாத்தாம்மா இருக்கணும்," என்றான் பஞ்சு. சொல்லிவிட்டு, தானாக நீண்ட கட்டைவிரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.