ஆடும் சுவரில் மாட்டிய பறவைகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மூன்று பறவைப் படங்கள் வரவழைத்தாள். வெள்ளைக்காரர் காலத்தில் கையால் வரைந்ததைப் புதிதாக அச்சடித்து, பழசு மாதிரி தெரியக் காகிதத்தில் பழுப்பு ஏற்றி, ஃபிரேம் போட்டு விற்கிறார்கள். நம் வீட்டில் என்னோடு சேர்ந்து எல்லாம் தானாகவே பழுக்குமே என்றேன். அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். பெட்டியைப் பிரித்ததும் வந்த வார்னிஷ் வாசனை, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் குடியிருந்த, கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே எங்கள் சுவரில் ஒரு மீன்கொத்திப் படமும் ஒரு கொண்டலாத்திப் படமும் இருந்தன. அவையும் பழைய ஓவியங்களின் நகல்கள்தான். அம்மா வேலை செய்த ஆபீசர் பங்களாவில் தூக்கிப்போட்ட காலண்டரில் கத்தரித்தவை. ஆண்டர்சன்பேட்டையில் சாமி படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர், "இன்னாம்மா, குருவிக்கா ஃபிரேமு?" என்றாராம். "ஆமா, குருவிக்குத்தான்" என்றாளாம் அம்மா.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்தால் மேலே எங்கள் வீடு ஆடும். ஆணி தளரும், படம் விழும். ஒருநாள் மதியம் இரண்டும் சேர்ந்து விழுந்தன. அம்மா கண்ணாடிச் சில்லைத் தாண்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினாள். வாசலில் ஏற்கெனவே பெண்கள் கூட்டம். யாரும் அழவில்லை, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜைத் தூக்கும் கம்பிக்கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பசிக்கிறது என்று அம்மாவின் புடவையை இழுத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அப்பா மேலே வந்தார், தோளில் கட்டோடு. அவரோடு வேலை செய்த ஒருவர் வரவேயில்லை.

சாயங்காலம் அப்பா சொன்னார்: "இனிமே அத மாட்டாத. அது உழுந்தாலே உனக்கு உசுரு போவுது."

"நீங்க எறங்கிப் போறத உட்டுட்டீங்களா? நானும் மாட்றத உடமாட்டன்."

மறுநாள் கண்ணாடி இல்லாமலே மாட்டினாள். அதற்கப்புறம் விழுந்தபோதெல்லாம் இன்னும் பெரிய ஆணியாகத் தேடி அடித்தாள்.

சுரங்கம் மூடி பல வருஷம் கழித்து, அப்பா எங்கள் வீட்டுக் கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்கையில் கண்ணை மூடினார். பின்னாலேயே அம்மாவும். இப்போது அடியில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. லைன் வீட்டுக்காரர்கள் பெங்களூர் ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள். அப்போதெல்லாம் ஷிஃப்டு முடியும் நேரத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு, "உங்கூட்டுக்காரு மேல வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை.