முதுகால் கடித்த மீன்

ஒரு மனிதரை, தேவாலயம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, குருடன் என்றேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் குருடர் அல்ல. பார்வை மங்கிக்கொண்டு வருகிறவர். அது தெரிந்தே சொன்னேன்... அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசை நடக்கும். பாட்டு வரிகள் திரையில் வரும். லேப்டாப்பில் உட்கார்ந்து அவற்றைப் போடுகிறவர் அருளப்பு அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான், இருந்தாலும் எல்லோருக்கும் அவர் அண்ணை. நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு அரசாங்க வேலையில் ரிட்டயர் ஆனவன். அதனால் எல்லோருக்கும் நான் ‘மிஸ்யே’, அதாவது ஐயா.

பாட்டு ஸ்லைடு போடுவது என்ன பெரிய வேலை என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பாடகர் குழு, பாடுவதாகச் சொன்ன பாட்டைப் பாடாது. சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் ஒரு பாட்டைத் தாண்டிப் போவார்கள். யாருக்காவது தொண்டை கட்டினால் வேறு பாட்டு. கீபோர்டில் முதல் சுரம் விழுந்ததும் அண்ணை கண்டுபிடித்துவிடுவார். சபை வாய் திறக்குமுன் வரி திரையில் நிற்கும். எல்லா ஸ்லைடுகளும் அவரே டைப் செய்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு ஆரஞ்சு மீன். முட்டை வடிவம் ஒன்று, பின்னால் ஒரு முக்கோணம்... அவ்வளவுதான் மீன். படம் வரைகிறவர்கள் கையெழுத்துப் போடுவதுபோல அவர் மீன் போடுவார்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞானஸ்நானம். குழந்தையின் தலையில் தண்ணீர் விழுகிறது. திரையில் செத்தவர்களுக்கான அடக்கப் பூசைப் பாட்டு.

குழந்தையின் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். விழாக் குழுவில் இருப்பவன் நான்தானே. ஓடிப்போய் அண்ணையின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன்.

“குருடன் கையில போய் இத யாருய்யா குடுத்தது?”

மேஜையில் ஒரு மைக் இருந்தது. அது ஆன் செய்யப்பட்டும் இருந்தது.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

லேப்டாப் முன்னால் யார் உட்காருவது? மவுஸைப் பிடுங்கியவன்தான்.

பாடகர் குழு இரண்டாவது சரணத்தில் இருந்தது. நான் பல்லவியைத் தேடிக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து குழுவில் ஒரு பெண் வந்து சொன்னாள்:

“மிஸ்யே, நாங்கள் பாடி முடிச்சிட்டம். நீங்கள் ஆறுதலா, நேரமெடுத்துப் போடுங்கோ.”

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஸ்லைடுகள் வெள்ளை. மவுஸ் அம்பும் வெள்ளை. நல்ல கண்ணுள்ள நானே அதை ஆட்டி ஆட்டித் தேடினேன். கலங்கிய கண்ணால் அண்ணை இத்தனை காலம் அந்த அம்பை எப்படித்தான் பிடித்தார்? ஒரே ஒரு தடவைதான் அது அவரிடமிருந்து நழுவியிருக்கிறது. வியக்க வேண்டிய இடத்தில் நான் வைதிருக்கிறேன்.

வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கப் போக எனக்குத் தைரியம் இல்லை. அம்பைப் பெரிதாக்க லேப்டாப்பிலேயே வழி இருக்கிறது. செய்து பார்த்தேன். அது பாட்டையே மறைக்கும் பூதமானது. நிறத்தை மாற்றினேன், ஓரளவு தெரிந்தது. ஆனால் எனக்கு வேறு ஒரு ஆசை வந்துவிட்டது. அந்த ஆரஞ்சு மீனையே அம்பாக்கினால் என்ன?

இணையத்தில் தேடினேன். பிரசன்டேஷன் ஸ்லைடைக் கொடுத்தால் மவுஸ் கர்சராக மாற்றித் தருகிற தளம் இருக்கிறது, இலவசமாக. முன்பு பார்த்திருந்தால் சிரித்திருப்பேன் — ஸ்லைடை மவுஸ் அம்பாக மாற்ற எந்தக் கிறுக்கனுக்குத் தேவைப்படும்? எனக்குத் தேவைப்பட்டது. முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பட்டனைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும்.

முதல் முயற்சியில் ஸ்லைடு முழுவதும் சுருங்கி, எறும்புக் கூட்டம்போல எழுத்துகளோடு ஒரு வெள்ளைத் துண்டாக வந்தது. எழுத்துகளை நீக்கினேன். ஸ்லைடைச் சதுரமாக்கினேன். மீனை அது நிறையும்வரை இழுத்தேன். பின்னணிக்கு அடர் நீலம். அப்லோட், டவுன்லோட்... சின்ன நீலச் சதுரத்துக்குள் ஆரஞ்சு மீன் என் திரையில் நீந்தியது. சிறுபிள்ளைபோல அதை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் பிடித்தேன். வில்லியே லே பெல்லில் இறங்கி, பிறகு பஸ். அண்ணை வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி றீற்றா அக்கா.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ மிஸ்யே. மனுசன் குசினிக்குள்ளை.”

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சமையலறை மேஜையில், லேப்டாப் முன்னால் இருந்த அண்ணை நிமிரவில்லை. “என்ன, மைக் கொண்டு வரேல்லையோ?”

நான் பென் டிரைவை அவருடைய லேப்டாப்பில் செருகிக் கர்சரை மாற்றினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையருகே குனிந்தார். மவுஸை நகர்த்தினார். மீன் ஓடியது.

“இது என்ரை மீனெல்லோ?”

“உங்க மீன்தாண்ணே.”

பாட்டுப் பட்டியலைத் திறந்து, ஒரு பாட்டின் மேல் மீனின் வாயை வைத்துக் கிளிக் செய்தார். பக்கத்துப் பாட்டு திறந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் பக்கத்துப் பாட்டு.

“மிஸ்யே, மீனெண்டால் வாயாலை கடிக்க வேணும். இது முதுகாலை கடிக்குது.”

றீற்றா அக்கா அடுப்பருகே திரும்பி நின்று சிரித்தார். தோள் குலுங்கியது.

விஷயம் இதுதான்: தளம் தந்த கர்சருக்கு, சதுரத்தின் இடது மேல் மூலைதான் கிளிக் செய்யும் முனை. மீனின் வாயோ வலப்பக்கம். அங்கேயே ஸ்லைடைத் திறந்து மீனைத் திருப்பி, வாய் அந்த மூலையைத் தொடும்படி வைத்து மறுபடி மாற்றினேன். அண்ணை கிளிக் செய்தார். சரியான பாட்டு. இன்னொன்று. அதுவும் சரி. பிறகு நிறுத்தவே இல்லை, திரை முழுக்க மீனை விட்டுப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பாட்டு எங்கை கிடக்கெண்டு எனக்கு எப்பவும் தெரியும்,” என்றார். “மவுஸ் எங்கை நிக்குதெண்டுதான் தெரியேல்லை. இடது கண்ணுக்கு ஊசி போடுறாங்கள். அடுத்த கிழமையும் கண் டொக்டரிட்டை றொந்தேவு இருக்கு.”

இதுதான் நேரம் என்று நினைத்தேன். “அண்ணே, நான் அன்னிக்குப் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“நீங்கள் பேசினது மைக்கிலை. மன்னிப்புக் கேக்கிறது குசினியிலையோ?”

“விடுங்கோவன், மனுசன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்,” என்றார் றீற்றா அக்கா.

“வந்தது சரி. தேத்தண்ணி குடுத்து அனுப்பு.”

குடித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய லேப்டாப்பிலும் மீனை ஏற்றி வைத்தேன். அண்ணை வந்திருந்தார், கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல். பூசை முடியும் தறுவாயில், அறிவிப்புகளுக்கு முன், நான் லேப்டாப் நாற்காலியை விட்டு எழுந்துபோய் சாமியாரிடம் மைக்கை வாங்கினேன். அருளப்பு அண்ணையைக் குருடன் என்று சொன்னேன், இதே இடத்தில், மைக்கில், அது பெரிய தப்பு, அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓய்வு நேரத்தில் பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவன் அல்லவா? மனிதனின் பார்வையைப் பற்றி உயர்ந்த வாக்கியம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

எனக்குப் பின்னால் திரை வெளிச்சமானது. இறுதிப் பாட்டு. திரும்பிப் பார்த்தால், லேப்டாப் முன்னால் அருளப்பு அண்ணை, கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு. கீபோர்டு தொடங்கியது. சபை எழுந்து நின்று பாடியது.

என் வாக்கியம் பாதியில் நின்றது. பிறகு யோசித்துப் பார்த்தேன்... அது அவ்வளவு நல்ல வாக்கியமும் இல்லை.