அத்தை முறை

“இவங்க எங்க அத்தை. அப்பாகூடப் பொறந்தவங்க. ஸ்கூல் விட்டு வந்து சும்மா ஒத்தாசைக்கு உக்காந்திருக்கேன்.”

இதை ஒப்பிக்கும்போது பொடிசின் கை நிற்காது. அட்டையின் நாலு பக்கமும் மடியும், மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், முழங்கையால் ஒரு தட்டு. செருப்புப் பெட்டி தயார். யார் வாசலில் வந்து நின்றாலும் இந்தப் பாட்டுதான். மின்கணக்கு எடுக்க வந்தவரிடம்கூட ஒருநாள் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். “நான் மீட்டர் பாக்கத்தாம்மா வந்தேன்” என்று அந்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு மேலே மாடியில் குடியிருப்பவள் நான். என் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் பட்டறைக்குள் நுழைந்து, கூரை முட்ட அடுக்கிய அட்டைக் கட்டுகளைத் தாண்டி, பின்பக்கப் படியில் ஏற வேண்டும். இப்படி ஒரு வீட்டைக் கட்டிய மகராசன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன். என் புடவைகள் எல்லாவற்றிலும் பசை ஒட்டியிருக்கும். கீழே ஒரே நீள அறை. சாக்கு விரித்து அதன்மேல் மூன்று பெண்களும் பொடிசும் உட்கார்ந்து மடிப்பார்கள். ஜன்னலோரம் காலால் மிதித்துக் கம்பிப் பின் அடிக்கும் இயந்திரம். பெரிய பெட்டிகள் மட்டும் அதற்குப் போகும்.

பொடிசுக்குப் பதின்மூன்று வயது. பார்த்தால் பத்து சொல்லலாம். வாய் மட்டும் நாற்பது. செருப்புப் பெட்டியிலேயே நாள் முழுக்கக் கிடப்பதால் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். “மாடி அக்கா, உங்களுது ஆறாம் நம்பர் காலு. நீங்க ஏழு வாங்கியிருக்கீங்க. அதான் படியேறும்போது டொக்கு டொக்குன்னு சத்தம்” என்றாள் முதல் நாளே. அவள் போட்டிருந்ததோ அம்மாவின் பழைய ரப்பர் செருப்பு. விரலில் காய்ந்த பசையை உரித்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, ஜன்னல் கட்டையில் வரிசையாக வைப்பாள். கேட்டால், “என்னோட முத்துக்கா, எடுத்துராதீங்க” என்பாள். மதியச் சாப்பாடு எப்போதும் ஒரு பெரிய பெட்டிக்குள்தான். உள்ளே உட்கார்ந்து மேலே மூடியையும் இழுத்துக்கொள்வாள். “உள்ள இருந்தா யாரும் வேலை சொல்ல மாட்டாங்கல்ல?”

அப்பா வெளியூர் வேலைக்கென்று போனார், போனவர் போனவர்தான். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கீழே ஒரு தம்பி. அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் படுத்தபோது ஏழாம் வகுப்போடு பொடிசின் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா எழுந்துவிட்டாள், பள்ளிக்கூடம் எழவில்லை.

பதினாலு நிரம்பாத பிள்ளையைச் சட்டப்படி எவரும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் சொந்தக் குடும்பத்தின் தொழில் என்றால், பள்ளி நேரம் போக, இயந்திரத்தின் பக்கம் போகாமல், கொஞ்சம் கைகொடுக்கலாம். சட்டத்தில் முதலாளிக்கு இடமில்லை, உறவுக்கு இருந்தது. ஆகவே பட்டறைக்கார அம்மா அத்தை ஆனார். அதையும் யோசித்துத்தான் செய்தார். அம்மா வழியென்றால் சித்தியா பெரியம்மாவா என்று வயதுக் கணக்கு வரும், பிள்ளை உளறிவிடும். அத்தை என்றால் அந்தத் தொல்லையே இல்லை.

வேலை கொஞ்சம் ஓய்ந்தால் பாடம் நடக்கும்.

“நான் யாரு?”

“அத்தை.”

“எப்படி அத்தை?”

“அப்பாகூடப் பொறந்த அத்தை.”

“தடுமாறாம சொல்லு. கண்ணப் பாத்துச் சொல்லு.”

கூட மடிக்கும் மூன்று பெண்களுக்கும் இதில் சிரிப்பு தாங்காது. பட்டறைக்கார அம்மாவும் சிரித்துவிடுவார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாளாகப் பட்டறையை நடத்துகிறவர். பிள்ளை குட்டி கிடையாது. கொடுமைக்காரி என்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். பொடிசைக் காலிடுக்கில் உட்காரவைத்து, “சனியனே, இது தலையா, குருவிக் கூடா?” என்று திட்டிக்கொண்டே சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். தன் தட்டில் நல்லதாக ஒன்று இருந்தால் அது எப்படியோ பெட்டிக்குள் போய்விடும். ஒருமுறை பொடிசுக்குக் காய்ச்சல் என்றதும் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு மருந்தோடு ஓடினார். ஆனால் மறுவாரமே அவளைக் காலை எட்டு மணிக்கு உட்கார வைத்தவரும் அவர்தான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: “படிக்கிற புள்ளைய இப்படி வெச்சிருக்கீங்களே, மனசு உறுத்தலையா?”

“நான் வேணாம்னு அனுப்பினா நாளைக்கே எங்கயோ ஆசிட் டப்பா கழுவப் போவும். இங்க நெழல்ல உக்காந்திருக்கு. உங்களுக்கு என்னங்க, மாடியில உக்காந்து எழுதுவீங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று படியேறிவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், பொடிசு அந்தப் பாடத்தை நம்ப ஆரம்பித்தாள். வெளியாள் யாரும் இல்லாதபோதும் அத்தைதான். வீட்டில் அம்மாவிடம், “அத்தை இப்படித்தான் செய்யச் சொன்னாங்க” என்றிருக்கிறாள். “உனக்கு எங்கடி மொளச்சா அத்தை?” என்று அவள் கேட்டாளாம். இரண்டு நாள் பொடிசு அம்மாவோடு பேசவில்லை. அந்த வாய் மூடியிருந்ததே பெரிய அதிசயம்.

தொழிலாளர் துறை அதிகாரி வந்த அன்று நான் படியில் நின்றிருந்தேன். கையில் குடையோடு, களைத்த முகத்தோடு ஒரு அம்மாள். பொடிசு பாட்டைப் பாடினாள். அதிகாரி எத்தனையோ அத்தைகளைப் பார்த்தவர் போலிருக்கிறது, அசரவில்லை.

“சரி, அத்தைக்கு எத்தனை புள்ளைங்க?”

இது பாடத்தில் இல்லாத கேள்வி. பட்டறைக்கார அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பொடிசு கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

“நான்தான்” என்றாள்.

பட்டறைக்கார அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதில் நடிப்பு இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அதிகாரியும் என்ன நினைத்தாரோ, எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். நம் பொடிசுதான் சும்மா இருப்பவள் இல்லையே, அவரையே கேள்வி கேட்டாள்.

“பதினாலு ஆயிட்டா என்னென்ன வேலைக்குப் போலாம் மேடம்?”

“ஆபத்து இல்லாத வேலைக்குப் போலாம். துணிக்கடையில மடிச்சு வைக்கலாம், புத்தகக் கடையில அடுக்கலாம். சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். பகல்ல பள்ளிக்கூடம் போயே ஆகணும். ராத்திரி வேலை கூடாது, மிஷின் கூடவே கூடாது.”

“புத்தகக் கடையா! அடுக்கும்போது படிச்சா திட்டுவாங்களா?”

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். போகும்போது பட்டறைக்கார அம்மாவிடம் திரும்பி, “சொந்தப் புள்ளையாவே இருந்தாலும் அந்த மிஷின்கிட்ட விட்டீங்கன்னா ஜெயிலுதாம்மா. அப்புறம் அத்தை முறை பேசிட்டு வராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பொடிசுக்குப் புத்தகக் கடைப் பேச்சுதான். பகலில் பள்ளி, மாலையில் புத்தகம், ஞாயிறு மட்டும் அத்தைக்கு ஒத்தாசை என்று அவளாகவே வாழ்க்கையைப் பங்கு போட்டுவிட்டாள். பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

பள்ளி திறக்கும் சமயம் செருப்புக் கம்பெனிக்காரர்கள் அவசரம் அவசரம் என்று உயிரை வாங்குவார்கள். அந்த வாரம் பார்த்து இயந்திரத்தில் உட்காரும் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லை. லாரி வாசலில் நிற்கிறது. “நான் அடிக்கிறேன் அத்தை, பாத்துப் பாத்துத் தெரியும்” என்று பொடிசு போய் உட்கார்ந்தாள். பட்டறைக்கார அம்மா ஒருமுறை வாசலைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கால் எட்டாததால் பொடிசு நின்றுகொண்டே மிதித்தாள். நான் மாடியில் இருந்தேன். அலறல் கேட்டு இறங்கி வந்தபோது அவளுடைய வலது ஆள்காட்டி விரலில் கம்பிப் பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது.

விரல் பிழைத்துவிட்டது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மடங்காது, அவ்வளவுதான். அவள் அம்மாவைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வைத்தது நான். மறுநாள் அந்த அதிகாரியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னதும் நான்தான். பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். படிக்கு மட்டும் தனி வழி விட்டிருக்கிறார்கள். பொடிசின் அம்மா என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பொடிசு இப்போது அவளோடு பாத்திரம் தேய்க்கப் போகிறாள். வீடுகளுக்குள் எந்த அதிகாரியும் எட்டிப் பார்ப்பதில்லை. பதினாலு முடிந்துவிட்டது. புத்தகக் கடைக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றேன். “வெரலு மடங்கலையேக்கா, புடிச்சு அடுக்க வராது” என்றாள். எனக்கு வயிறு எரிகிறது. யார்மேல் எரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சொல்ல வந்தது ஆஸ்பத்திரி வாசல் விஷயம். நானும் ஏறிக்கொண்ட வாடகை வண்டியில் பட்டறைக்கார அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள் பொடிசு. வலது கையில் துணிச் சுற்று, இடது கை அவருடைய முந்தானையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அவர் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “அழுவாதீங்க அத்தை. மிஷின்னு நான் சொல்ல மாட்டேன்” என்று அந்தப் பிள்ளைதான் தேற்றியது.

சீட்டுப் போடும் இடத்தில் இருந்தவர் விரலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “ஆபரேஷன் பண்ணணும். மயக்க மருந்துக்குப் பெரியவங்க கையெழுத்து வேணும். எப்படி அடிபட்டுச்சு? போலீஸுக்கும் எழுதியாகணும்.” அப்புறம் பட்டறைக்கார அம்மாவைப் பார்த்து, “நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?” என்றார்.

பொடிசு நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ தடவை அவர் சொல்லிக் கொடுத்த பதில். இன்று அவரே சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பட்டறைக்கார அம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “நான் ஒண்ணும் சொந்தமில்லீங்க. ரோட்டுல அடிபட்டு நின்னுட்டிருந்துச்சு. யாரு பெத்த புள்ளையோ, பாவமா இருந்துச்சு, கூட்டிட்டு வந்தேன்.”

சீட்டுப் போடுபவருக்குச் சந்தேகம். குனிந்து பொடிசிடமே கேட்டார்: “ஏம்மா, இவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பொடிசு முந்திக்கொண்டாள். பட்டறைக்கார அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள்.

“தெரியாதுங்க” என்றாள். தடுமாறவே இல்லை.

பிறகு, பிடித்திருந்த முந்தானையை விட்டாள். அது கசங்கியிருந்த இடத்தை இடது கையால் மெல்ல ஒருமுறை நீவிவிட்டு, கையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.