துறையடி மஹ்ரூப் பலகை போடும் நாட்கள்

கிண்ணியாவில் இருந்து மூதூர் போகும் பெருந்தெருவில், ஒரு பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால், இடப்பக்கம் பார்த்தால் நாலு கடைகள் தெரியும். பார்த்தால்தானே! வாகனத்தில் போகிறவர்களின் கண் பாலத்திலும் அதற்குக் கீழே மினுங்கும் தண்ணீரிலும்தான் இருக்கும். அந்த இடத்துக்குத் துறையடி என்று பெயர். முதலாவது கடை மஹ்ரூப்பினுடையது. தேத்தண்ணியும் இறால் வடையும். அந்த வடைக்கு ஒரு காலத்தில் மட்டக்களப்பு வரைக்கும் பேர் இருந்தது; இப்போது அதைத் தேடி வருவது ஈ மட்டும்தான்.

பாலம் வருமுன் அங்கே மிதவை ஓடியது. வாகனங்களை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும். அது போய்த் திரும்பி வரும்வரை பஸ்சும் லொறியும் வானும் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற மனிதனுக்குப் பசிக்கும். பசிக்காவிட்டாலும் சும்மா நிற்க ஏலாமல் எதையாவது வாங்கிக் கொறிப்பான். அந்தக் கொறிப்பில் ஒரு கடை வரிசையே பிழைத்தது. பிறகு, பாலம் வேண்டும் என்று கொடி பிடித்து ஊர்வலத்தின் முன்னுக்குப் போனவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் இந்த மஹ்ரூப்தான்! பிள்ளைப்பேற்று வலியில் பெண்கள் கரையில் கிடந்து துடித்ததைக் கண்ட மனுசன். அவருடைய நியாயம் நியாயம்தான். பாலம் திறந்த அன்று வாளி வாளியாகச் சர்பத் கரைத்து ஊருக்கெல்லாம் ஊற்றினார். சொந்தக் காசில் சூனியம் வைப்பது என்பது இதுதான். அடுத்த நாள் காலையில் வடைத் தட்டோடு வாசலில் நின்றார். ஒரு வாகனமும் நிற்கவில்லை.

மிதவைக் காலத்தில் அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் எந்தக் கடைக்காரர் வீட்டில் சாவு விழுந்தாலும், உடல் போகும் மட்டும் எல்லாக் கடையையும் பலகை போட்டு மூட வேண்டும், அடுப்பு மூட்டக்கூடாது. தமிழாள், முஸ்லிம் ஆள் என்ற கதையே இல்லை. மஹ்ரூப்பின் உம்மா மௌத்தானது வெருகல் கோயில் திருவிழா நாளில். சனம் கரையை மூடி நின்றது. வருசத்தில் அப்படி ஒரு வியாபாரம் இன்னொரு நாள் வராது. பக்கத்துக் கடை அன்னப்பிள்ளை அக்கா கொதித்துக்கொண்டிருந்த சோளன் அண்டாவை இறக்கி, அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்து, பலகையைப் போட்டுவிட்டு மையித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மஹ்ரூப் அதை மறக்கவே இல்லை.

பாலம் வந்தபின் கடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மிஞ்சியது மஹ்ரூப், அன்னப்பிள்ளை அக்கா, டயர் ஒட்டுப்போடும் றிப்தி, தயிர் விற்கும் யோகலிங்கம். ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன், ஆன மஹ்ரூப் சும்மா இருக்கிற ஆளில்லை. ‘துறையடி வரவேற்புச் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கித் தானே தலைவரானார். உப்புவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் நடுவில் இந்த வழியால் போகும் உல்லாசப் பயணிகளை மறித்து நிறுத்த வேண்டும், அதுதான் நோக்கம். பெரிய போர்டு வைத்தார். மாரிக் காற்று அதைத் தூக்கி ஆற்றில் போட்டது. வெள்ளைக்காரர் கக்கூசைப் பார்த்துத்தான் இறங்குவார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடித்து மாபிள் பதித்த கக்கூஸ் கட்டுவித்தார். அழுக்காகிவிடும் என்று அதைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஊரில் ஒருவரும் அதன் உள்பக்கத்தைக் கண்டதில்லை.

“வாப்பாட கக்கூசுக்கு விசா எடுத்துத்தான் போகணும்” என்று மகன் ஹஸ்மி பகிடி பண்ணுவான்.

விசா என்ற சொல் அந்த வீட்டில் பகிடி இல்லை. ஹஸ்மிக்குக் கட்டாருக்குப் போக எல்லாம் சரியாகியிருந்தது. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ஏஜென்சிக்காரன் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மஹ்ரூப்பின் மூத்தவள் கலியாணம் முடித்துத் தூர ஊருக்குப் போய்விட்டாள். இவன் ஒருத்தன்தான் வீட்டில். இவனும் போனால் தானும் மனைவி நஜ்முன் நிஸாவும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்ற நினைப்பை மனுசனால் தாங்க ஏலவில்லை.

“இன்னும் கொஞ்சம் பொறு, மகன். வாகனம் நிக்கத் தொடங்கினா, இந்தக் கடை ஒண்டே எங்களுக்குப் போதும்.”

“நிண்டா நானும் நிக்கிறன், வாப்பா. எனக்கு மட்டும் போக ஆசையா? நிக்கட்டும் பார்ப்பம்.”

அந்த நேரத்தில்தான் வினோதன் வந்தான். உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்குப் பயணம் ஒழுங்கு செய்து கொடுக்கிற பொடியன். நல்ல பிள்ளை, வாய் கொஞ்சம் கூட. ஹோட்டல் பஸ் ஒன்றைச் சோதனைக்குத் துறையடியில் நிறுத்திப் பார்ப்பதாகவும், வந்த ஆட்களுக்குப் பிடித்தால் கிழமைக்கு இரண்டு தரம் நிற்கும் என்றும் சொன்னான். மஹ்ரூப் அவனைக் கட்டிப்பிடித்த பிடியில் அவனுடைய கறுப்புக் கண்ணாடி நெளிந்துபோனது.

அந்தக் கிழமை துறையடி உயிர்த்தது. றிப்தி பழைய டயருக்குப் பெயின்ற் அடித்துப் பூமரம் நட்டான். யோகலிங்கம் தயிர் முட்டிகளைக் கழுவிக் கழுவி மண் கரைந்துவிடும் போல் இருந்தது. அன்னப்பிள்ளை அக்கா குருத்தோலையில் தோரணம் பின்னினார். மஹ்ரூப்பும் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதில் தொங்கும் ஓலைக் குருவிகளைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்.

“ஐயோ நானா, அழிச்சுப்போட்டீங்க! குருவி மேல பாத்தா நல்ல காரியம், கீழ பாத்தாச் செத்தவீடு. வாறவன் அழுதுகொண்டு வாறதோ?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாவற்றையும் அவிழ்த்துத் தன் கையாலேயே திருப்பிக் கட்டினார். பொழுது பட்டபிறகும் கதிரையைப் போட்டு ஏறி நின்று கட்டிக்கொண்டிருந்தார்.

விடியற்காலை அக்கா எழும்பவில்லை. நெஞ்சு வலி என்றுகூட ஒருவரையும் கூப்பிடவில்லை. மகன் முத்துலிங்கம், ஆற்றில் வலை வீசிப் பிழைக்கிறவன், வெறும் மேலோடு ஓடிவந்து மஹ்ரூப்பின் கடை வாசலில் குந்திவிட்டான். உள்ளே நஜ்முன் நிஸா வடைக்குப் பருப்பு அரைத்து, இறாலைச் சுத்தம் செய்து சட்டி நிறைய வைத்திருந்தாள். இன்றைக்குத்தான் பஸ் வருகிற நாள்.

“நீங்க கடையைத் திறவுங்க, நானா,” என்றான் முத்துலிங்கம். அழுகைக்கு நடுவிலும் அவனுக்கு அது நினைவிருந்தது. “அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பா.”

மஹ்ரூப் ஹஸ்மியைப் பார்த்தார். ஹஸ்மி நிலத்தைப் பார்த்தான். திறக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை, நல்ல வளர்ப்பு. அல்லாஹ்வே, இன்னும் ஒரே ஒரு நாள் அக்காவுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்று மஹ்ரூப் கேட்டார். கேட்ட கையோடு பாவமன்னிப்பும் கேட்டார். பிறகு முதல் பலகையைத் தூக்கித் தவாளிப்பில் இறக்கினார். அவர் போட்டதைக் கண்டு றிப்தியும் யோகலிங்கமும் போட்டார்கள்.

வினோதனுக்குப் போன் எடுத்தார். “பரவாயில்லை நானா, நிப்பாட்டாமல் கொண்டுபோறம். இன்னொரு நாளைக்குப் பாப்பம்” என்றான் அவன். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று மஹ்ரூப்புக்குத் தெரியும்.

தூரத்தில் இருந்து வரவேண்டிய சொந்தம் ஒன்றும் இல்லாதபடியால் அன்றைக்கே எடுப்பதாக முடிவானது. வேறு ஓலை வெட்ட ஆளில்லை. அக்கா பின்னிய தோரணத்தையே அவிழ்த்து, குருவிகள் கீழே பார்க்கும்படி திருப்பிக் கட்டினார்கள். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், பறைமேளம் அடித்து, சீனவெடி கொளுத்தி, பெட்டியைத் தூக்கி வீதிக்கு ஏற்றினார்கள். அதே நேரம் கிண்ணியாப் பக்கமிருந்து பஸ் வந்தது. வீதியை அடைத்துச் சனம், விலத்த இடமில்லை. துறையடியில் பஸ் நின்றது!

கதவு திறந்தது. வெள்ளைக்காரர் இறங்கினார்கள். தொப்பியைக் கழற்றினார்கள், நெஞ்சில் கை வைத்தார்கள், பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். மேளத்தைப் பிடித்தார்கள், ஓலைக் குருவியைப் பிடித்தார்கள், முத்துலிங்கத்தின் அழுத முகத்தைக் கிட்டப் போய்ப் பிடித்தார்கள். ஒரு வயதான பெண் கக்கூஸ் எங்கே என்று சைகையால் கேட்டாள். மஹ்ரூப் இடுப்பில் இருந்த திறப்பை எடுத்து, பிணத்தோடு நடப்பதா, பூட்டைத் திறப்பதா என்று தடுமாறி, ஓடிப்போய்த் திறந்துவிட்டு ஓடிவந்து பெட்டியோடு சேர்ந்துகொண்டார். இத்தனை வருசத் தவத்துக்குக் கிடைத்த வரம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வினோதன் வந்தான். முகம் கொள்ளாத சந்தோஷம். ஆனால் நேரே பார்க்கவில்லை.

“நானா, குறை நினைக்காதீங்க. வந்த ஆக்கள் ஹோட்டலுக்குப் போயும் இங்க கண்டதைப் பத்தின கதைதான். முதலாளி படமெல்லாம் பாத்தவர். அதையே கிழமைக்கு ரெண்டு நாள் செய்து காட்ட ஏலுமோ எண்டு கேக்கிறார்.”

“எதை?”

“அந்தச் சடங்கை. பெட்டிக்குள்ள ஆளொண்டும் வேண்டாம், சும்மா மூடினாக் காணும். முன்னுக்கு ஒரு படத்தை வைச்சு, மேளம், வெடி, ஓலை…”

“வடை?”

“வடை உங்கட விருப்பம், நானா.”

மஹ்ரூப் வாயில் வந்ததை எல்லாம் சொல்லி ஏசினார். வினோதன் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவையும் வாங்கினான். ஆனால் ஓம் என்றவன் முத்துலிங்கம்.

“வலையில ஒண்டும் படுகுதில்லை, நானா. மேளக்காரருக்கும் தொழில் இல்லை. அம்மா இருந்தாச் சிரிச்சிருப்பா. உயிரோட இருக்கேக்க அவவுக்காக ஒருத்தனும் வண்டியை நிப்பாட்டல்லையே.”

பெற்ற தாய் அவனுடைய தாய். மஹ்ரூப் ஏச்சை அதோடு விட்டார்.

ஹஸ்மிதான் முதலில் தெளிந்தான். “வாப்பா, எப்பிடியோ பஸ் நிக்குது. நாங்க கூத்தாடத் தேவையில்லை. கடையைத் திறந்து வடையைப் போடுவம். நான் ஏஜென்சிக்காரனிட்ட வரல்ல எண்டு சொல்லுறன்.” மகனின் வாயால் அதைக் கேட்ட அன்றிரவு மஹ்ரூப் நன்றாகச் சாப்பிட்டார்.

முதலாவது ஆட்டத்துக்கு நாள் வந்தது. ஹஸ்மி விறகு அடுக்கினான், மஹ்ரூப் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். பஸ்சும் வந்து நின்றது. றிப்தி டயரை விட்டுச் செவ்விளநீர் சீவத் தொடங்கினான். யோகலிங்கம் முட்டியைத் திறந்தான். அப்போது மேளம் எழும்பியது. வெறும் பெட்டி வீதிக்கு ஏறியது. அதன் முன்னால் முத்துலிங்கம், அன்னப்பிள்ளை அக்காவின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். வேறு படம் வீட்டில் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. அக்கா அதில் முறைத்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் காய்ந்துவிட்டது, வடையைத் தட்டிப் போட வேண்டியதுதான். மஹ்ரூப்புக்குப் போட ஏலவில்லை. சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். புகை எழும்பி அடங்குமுன் பலகைகளைத் தூக்கி ஒவ்வொன்றாகப் போட்டார்.

“சும்மா ஆடுற கூத்துக்கு ஏன் இப்பிடிச் செய்யிறீங்க?” என்று நஜ்முன் நிஸா இருட்டுக்குள் நின்று அழுதாள். “அவட மையித்து எப்பவோ மண்ணுக்குள்ள போயிட்டு.”

“படம் அவட படம்தானே, நிஸா. நான் திறந்து வைச்சுக்கொண்டு எப்பிடி அவட முகத்தைப் பாக்கிற?”

வெளியே இளநீர் விற்றுத் தீர்ந்தது. தயிரும் போனது. ஹஸ்மி பூட்டிய கடைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். வாப்பாவோடு அவன் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த தரமும், அதற்கடுத்த தரமும் பொறுத்துப் பார்த்தான். மேளம் எழும்பினால் பலகை விழுந்தது. பஸ் வராத நாளில் கடை திறந்திருந்தது. அன்றைக்கு நிற்க ஆளில்லை. ஒரு நாள் கிண்ணியாவுக்குப் போய் வந்தவன், “பாஸ்போர்ட்டைக் குடுத்திட்டன், வாப்பா” என்று மட்டும் சொன்னான். ஊரில் மஹ்ரூப்புக்குப் பைத்தியம் என்று கதைத்தார்கள். அவரே தன்னை அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் கை கேட்கவில்லை.

ஹஸ்மி புறப்பட்ட நாளும் பஸ் நாளாகப் போனது. வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மகனைக் கட்டிப்பிடித்து, ஸலாம் சொல்லி, துஆ ஓதி ஊதினார் மஹ்ரூப். வானில் ஏறும் மட்டும் நின்று பார்க்கத் திராணி இல்லாமல் கடைக்கு வந்து, பலகையைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். மேளம் தொடங்கியது. வெடி வெடித்தது. அதற்கு நடுவில் ஒரு ஹோர்ன் விடாமல் அடித்தது.

“வாப்பா!”

ஒரு பலகையை உருவிப் பார்த்தார். பாலத்தால் இறங்கிய வான் எதிரே வந்த வெறும் பெட்டியிடம் அகப்பட்டு, சரியாக அவருடைய கடை வாசலில் நின்றது. யன்னலில் ஹஸ்மியின் தலை. புதுச் சட்டை, புதுத் தலைவெட்டு.

“வாப்பா, வழிக்கு ஒரு இறால் வடை தாங்களேன்!”

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மஹ்ரூப் பலகைகளின் நடுவே நின்று, பின்னால் இருந்த அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுப்பு மூட்டல்ல, மகன்.”

“ஓம் வாப்பா. தெரியும்.” சிரிப்பு அவன் முகத்தில் நிற்கவில்லை. “உம்மாவைப் பாத்துக்கொள்ளுங்க.”

அக்காவின் படம் வானைக் கடந்து போனது. வழி கிடைத்தது. றைவர் கிளப்பினான். மஹ்ரூப்பின் கை, இத்தனை வருசம் வாகனங்களை மறித்த பழக்கத்தில், தானாகவே மேலே எழும்பியது. ஹஸ்மியும் கையை ஆட்டினான். பஸ்சில் இருந்து இறங்கிய ஒருவன் மஹ்ரூப்பைப் படம் எடுத்தான். வான் கிண்ணியாப் பக்கம் போய் மறைந்தபின், அவர் உருவிய பலகையை எடுத்துத் திரும்பவும் போட்டார்.