மசக்கைக்குச் சமைத்த சால்மன்

மனைவி மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது மீன்குழம்பின் மணம் அவளுக்கு ஆகாமல் போயிற்று. மன்னார்க் கரையில் பிறந்தவள், அதுவரை குழம்பில்லாமல் சோற்றில் கைவைத்ததில்லை. இப்போது நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரோவில் என்ற ஊரில், எங்கள் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்தாலே ஓங்காளித்தாள்.

"பட்டரில பொரிச்ச சால்மன்தான் வேணும். உப்பும் தேசிக்காய்ப்புளியும் காணும், வேறொண்டும் போடாதேங்கோ" என்றாள்.

எனக்கு அந்த மீனின் நிறமே பிடிக்காது. துண்டைக் கையில் எடுத்தால் சவர்க்காரம்போல வழுக்கியது. தோல் கீழே இருக்கும்படி தாச்சியில் போட்டேன். சதையின் வெடிப்புகளிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்து, குழந்தை கக்கிய பால்போல் திரண்டது. உருகிய பட்டர் மீனெண்ணெயோடு கலந்து மஞ்சளாக நுரைத்தது. மீனின் வெடுக்கு மணத்தை மறைக்க ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்கூட இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நன்றாக வேகவிட்டு இறக்கினேன்.

அவள் ஆசையோடு சாப்பிட்டாள். "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று முள்ளுக்கரண்டியில் ஒரு துண்டை நீட்டினாள். மறுக்க மனம் வரவில்லை. கொழுப்பு நாக்கிலும் அண்ணத்திலும் மெழுகுபோலப் படிந்தது. விழுங்க முடியாமல் எழுந்து ஓடி, சிங்கில் துப்பினேன். அதோடு நிற்கவில்லை. காலையில் குடித்த தேநீரும் வெளியே வந்தது.

அவள் பின்னால் வந்து என் முதுகைத் தடவினாள்.

"பிள்ளை என்ர வயித்திலயோ, உங்கட வயித்திலயோ?"

பிறகு கதிரையில் போய் உட்கார்ந்து என் பங்கையும் எடுத்துக்கொண்டாள். தட்டில் உறைந்துகொண்டிருந்த பட்டரைப் பாண் துண்டால் வழித்து அவள் தின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. யன்னலைத் திறந்து, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன்.