சோபாவைத் துடைத்த கை

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்குச் சாமான் சுமந்து வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நிறம் போன கம்பளிக் கோட்டு. சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் நான் எடுத்த பிரம்பு சோபாவையும் நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் தலையில் கொண்டுவந்தார்.

எதையும் இறக்குமுன், பாரத்தோடு நின்றபடியே, "இதுல யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்பார். மாமியார் என்றதும் ஒரு நாற்காலியைக் குளிர்காயும் கணப்புக்குப் பக்கத்தில் போட்டார். நான் என்றதும் மற்றதை ஜன்னலோரம் போட்டார். சோபா விருந்தாளிகளுக்கு என்றேன். வாசலைப் பார்க்கப் போட்டார்.

அதன் ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்து அடியில் செருகினார்.

"பாரம் ஏறுனாத்தான் தெரியுங்கம்மா."

"நீங்களே உக்காந்து பாருங்க" என்று நான்தான் சொன்னேன்.

தயங்கி, நுனியில் உட்கார்ந்தார். ஆடவில்லை. எழுந்தார்.

அவர் நகர்வதற்குள் என் கை துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டது. நிமிர்ந்தால், அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஈரமில்லீங்கம்மா. மேகம் எறங்குறதுக்குள்ள வெரசா வந்துட்டேன். என் துணியெல்லாம் காஞ்சுதான் கெடக்கு."

"ஆமா, ஈரம்னுதான் நெனச்சேன்" என்றேன்.

அவர் நிஜமாகவே அப்படி நம்பினாரா, நான் தப்பிக்க ஒரு வழி விட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. எதுவானாலும், நான் அந்த வழியாகத்தான் தப்பித்தேன்.