பிளக் அக்காவின் பதினொரு கணினிகள்

திரையில் ஓடும் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியதும் அவர் குனிந்து, மேசைக்கு அடியில் கையை விட்டு, பிளக்கைப் பிடுங்குகிறார். கணினி பொட்டென்று அணைகிறது. மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி செருகுகிறார். அது எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து ஒழுங்காக வேலையைத் தொடர்ந்தால் நோட்டில் ஒரு டிக். நாற்காலியைக் காலால் உந்தி அடுத்த கணினிக்குப் போய்விடுகிறார்.

மொத்தம் பதினொன்று. விண்டோஸில் ஐந்து, மேக்கில் இரண்டு, லினக்ஸில் நான்கு. எங்கள் நிறுவனம் ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் செய்கிறது. ரத்தப் பையின் மேல் ஒட்டும் லேபிளில் எந்தப் பிரிவு, எந்தத் தேதிவரை என்று அச்சடித்துத் தருவது அதுதான். புதிய பதிப்பு வந்தால் யாரும் கை வைக்க வேண்டாம். அதுவே இறங்கி, அதுவே தன்னை மாற்றிக்கொள்ளும். அப்படி மாறும்போது எங்கே இடறும் என்று முன்கூட்டியே இடறவைத்துப் பார்ப்பதுதான் இவர் வேலை. அலுவலகம் முழுவதற்கும் இவர் பிளக் அக்கா. நான் அதே அறையில் உட்கார்ந்து அந்த மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவன்.

"கரண்டு நம்மள கேட்டுக்கிட்டா போகுது? அதான் நானே போக வைக்கறேன்" என்பார்.

ஐம்பத்திரண்டு வயது. எதையும் சொன்னதுமே நம்பமாட்டார். லிஃப்ட் கதவு மூடிய பிறகும் அதை ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். சாயங்காலம் அழைத்துப்போக வரும் அவர் கணவர், வாசலில் காத்திருக்கும்போது என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டு வாஷிங் மெஷினு பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டுதான் சார் உள்ள வந்துச்சு. நடு ஓட்டத்துல நாலு தடவை ஆஃப் பண்ணினா. அது அழல, அவ்வளவுதான்."

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன், இவர் சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரு பதிப்பு, ஒரு சின்ன மருத்துவமனையில் பாதியில் படுத்துவிட்டது. ஐந்து மணி நேரம் கணினி எழவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அக்கா மறுநாளே பஸ் ஏறி அங்கே போனார். "ஏசுவாங்கன்னு நெனச்சுதான் போனேன். அங்க ரத்த வங்கியில இருந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லல. கையால எழுதின லேபிள் அத்தனையும் எடுத்து மேசை மேல பரப்பிக் காமிச்சாங்க. கடைசியில எழுதினதெல்லாம் கோணல் மாணலா இருந்துச்சு. கை வலிச்சிருக்கும்ல?"

எங்கள் மென்பொருள் புதிய பதிப்பை ஏற்கும் முன் அதில் ஒரு டிஜிட்டல் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். முத்திரை சரியாக இருந்தால், நாங்கள் அனுப்பியதுதான், வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். இதைச் சோதிக்க அக்கா ஒரு போலிப் பதிப்பைத் தயாராக வைத்திருந்தார். அது தப்பித்தவறி உள்ளே நுழைந்துவிட்டால், திரை முழுக்க 'நான் போலி' என்று சிவப்பில் எழுத்து வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பார்த்தேன். லினக்ஸ் கணினி ஒன்றில், மாற்றம் நடக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, அணைந்திருந்த நேரத்தில் அதன் வட்டை வேறொரு கணினியில் மாட்டி, நல்ல கோப்பை எடுத்துவிட்டுப் போலியை வைத்து, மறுபடி செருகினார். சிவப்பு வந்தது. மறுபடி செய்தார். வரவில்லை. மறுபடியும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பதிப்பு வெளியாக வேண்டும். புதுப்பிக்கும் பகுதியை எழுதியவர் தாடிக்காரர். தாடியை எடுத்து ஆறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் உதிரவில்லை. அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு தடவைதானே அக்கா வந்துச்சு? நீங்க கோப்பை எங்கயோ தப்பா மாத்தி வெச்சிருப்பீங்க. யாரு ரத்த வங்கிக்குள்ள போய், கரெக்டா அந்த நிமிஷம் பாத்து பிளக்கைப் பிடுங்கப் போறாங்க?"

"பிடுங்க ஆள் வரணும்னு இல்ல தம்பி. கரண்டு போகும். கோப்பு பாதியில கெட்டு நிக்கும். போலியை கேள்வி கேக்காம உள்ள விடுதுன்னா, கெட்டுப்போனதையும் அப்படித்தானே விடும்?"

தாடிக்காரர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு முறை சோதிக்கப் பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு முறையும் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். புதன்கிழமை முழுக்க அரை வினாடி முன்னே, அரை வினாடி பின்னே என்று பிடுங்கினார். இருபத்தாறு முறை. நோட்டில் இருபத்தாறு டிக். மேனேஜர் வந்து நின்றார். "மேடம், போதும். வராததை எப்படி சரி பண்றது? வெள்ளிக்கிழமைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வந்துச்சு சார். நான் பாத்தேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மேனேஜர்தான் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை, தண்ணீர் குடிக்க எழுந்த அக்கா பாதி வழியில் நின்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை சோதித்தது இந்தக் கணினியில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று சோதித்தது அரதப் பழசு, ஆமை வேகம். அன்று மதியமே அதை எடுத்து வரவேற்பறைக்குக் கொடுத்துவிட்டு, புதியதை இங்கே வைத்திருந்தார்கள். லிஃப்ட் அன்றைக்குப் பார்த்துப் பழுது. மூன்று மாடி இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, அதை எடுத்துட்டா வர்றவங்க பேரை எதுல எழுதறது?" என்று பதறினாள் வரவேற்பறைப் பெண்.

"நோட்டுல எழுதும்மா. எழுத்து மறந்தா போச்சு?"

திரையை நான் தூக்கினேன். பெட்டியை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, படிக்குப் படி நின்று நின்று ஏறினார். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "ரத்த வங்கியில இருக்கறதெல்லாம் இந்த மாதிரிதான். புதுசுல ஓடுனா நமக்கென்ன பெருமை?"

மூன்றாவது முயற்சியில் சிவப்பு வந்தது. நான்காவதில் வந்தது. ஐந்தாவதுக்குத் தாடிக்காரரைக் கூப்பிட்டு, "நீங்களே பிடுங்குங்க" என்றார். அவர் பிடுங்கினார். 'நான் போலி.' முத்திரையைப் பார்ப்பதற்கும் பதிப்பை ஏற்றுவதற்கும் நடுவே, புதிய கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் இடைவெளி, பழையதில் மூன்று வினாடி வாய் பிளந்து நின்றது. அந்த நேரத்தில் மின்சாரம் போய்த் திரும்பினால், எங்கள் மென்பொருள் முத்திரையை இரண்டாவது முறை பார்ப்பதில்லை. விண்டோஸுக்கும் மேக்குக்கும் பார்க்கும்படி எழுதிய தாடிக்காரர், லினக்ஸுக்கு எழுத மறந்திருந்தார்.

"நாலு வரி அக்கா. நாலே வரியை விட்டுட்டேன்" என்றார் அவர்.

"போய் எழுதிட்டு வாங்க. யாரு விடல? நான் மூணு வருஷம் முன்னாடி விட்டேன்."

மேனேஜர் வந்தார், பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மாத்தினது லினக்ஸ்ல மட்டும்தானே? அந்த நாலு கணினியை மட்டும் பாத்தா வெள்ளிக்கிழமைக்கே..."

"முடியாது சார். பதினொண்ணும் முதல்லேர்ந்து."

மேனேஜர் தன் அறைக்குப் போய், ஒவ்வொரு ரத்த வங்கிக்கும் தானே போன் போட்டு, வெளியீடு அடுத்த புதன்கிழமைதான் என்று சொன்னார். கதவு திறந்தே இருந்தது.

அந்தப் புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிப்பு வெளியானது. மாறி முடித்த இடமெல்லாம் சுவர்த் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். மொத்தம் நாற்பத்தாறு. மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தைந்து வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. தாடிக்காரர், "வரும் அக்கா, வாங்க சாப்பிடலாம்" என்றார். அக்கா அந்த ரத்த வங்கிக்குப் போன் போட்டார்.

"அம்மா, வணக்கம். உங்க கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கா? ... ரூம் கழுவறாங்களா? சரி, கழுவட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

கால் மணி நேரம் அப்படியே நின்றார். நாற்பத்தாறாவது புள்ளி பச்சையானது. அறையில் எல்லோரும் கை தட்டினோம். மேனேஜர் தாடிக்காரரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அக்கா ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். "இருங்கம்மா, வெச்சிடாதீங்க. ஒரு லேபிள் அடிங்க. வந்துச்சா? கீழ இருக்கற நம்பரை மெதுவா வாசிங்க."

அந்தப் பக்கம் வாசித்த ஒவ்வொரு எண்ணையும் காகிதத்தில் எழுதி, தன் திரையில் இருந்ததோடு விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசி, பதின்மூன்றாவது எண்ணும் ஒத்துப்போனதும் விரல் நின்றது. போனில் பேசுகிறவர் பார்க்க முடியாது என்பதை மறந்து, சரி என்று இரண்டு முறை தலையை ஆட்டினார்.